ஜன்னல் வழியாக வைத்த பெயர்

என் தம்பிக்குப் பெயர் வைத்த அன்று அவன் காதில் யாரும் பெயர் சொல்லவில்லை. தெருவில் நின்றுகொண்டு, ஜன்னல் வழியாக, ஓவர்டைம் ஆட்களை ஏற்ற வந்த கம்பெனி பஸ்ஸின் இரைச்சலையும் மீறிக் கத்தித்தான் சொன்னார்கள். அவன் பெயர் அவனுக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் தெருவுக்கும் அந்த பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. இப்போது பத்து வயதாகிற அவன் இதை நம்புவதே இல்லை. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் மடியில் வைத்துக் காதில் சொன்னார்களாம், தனக்கு மட்டும் தக்காளி விற்கிற மாதிரி கூவினார்களா என்று கேட்கிறான். அந்தப் பெயரை இங்கே எழுதக் கூடாது என்றும் சொல்லிவிட்டான். அவன் இஷ்டம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில், ஆறு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற லைன் வீட்டில் மூன்றாவது எங்களுடையது. ஒரு கூடம், ஒரு சமையலறை, தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அதற்குள் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. அப்பா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டினார். அத்தைக்கு இருபத்திரண்டு வயது. நாகரசம்பட்டியில் பள்ளிக்கூடமும் கிருஷ்ணகிரியில் டிப்ளமோவும் முடித்துவிட்டு, அண்ணன் வீட்டில் தங்கி ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அங்கே அவள் வேலை பார்த்த இடத்துக்கு க்ளீன் ரூம் என்று பெயர். நகத்தில் பாதிகூட இல்லாத கண்ணாடிச் சில்லுகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி ஒட்டுகிற வேலை. உள்ளே போகிறவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டி, மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் கட்டி, கண் மட்டும் தெரியப் போவார்களாம். தூசிக்குப் பயந்து மனிதர்கள் மூக்கை மூடுவதைத்தான் நான் பார்த்திருந்தேன். இங்கே எல்லாம் தலைகீழ். மனிதர்களுக்குப் பயந்து சில்லுகளுக்குக் காவல். ஒரு தும்மலுக்கு ஒரு தட்டே வீணாய்ப் போய்விடும் என்பாள் அத்தை. சளி பிடித்தவர்கள் கேட்டிலேயே சொல்லிவிட வேண்டும். சரியாகும்வரை அவர்களை க்ளீன் ரூமுக்குள் விடாமல் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பேக்கிங்கில் வெள்ளை உடுப்பு கிடையாது, இறுக்கமான மாஸ்க் கிடையாது, உட்காரவும் இடம் கிடையாது. நாள் முழுக்க நின்றுகொண்டே அட்டைப்பெட்டி மடிக்க வேண்டும்.

க்ளீன் ரூமிலிருந்து வருகிற நாட்களில் அத்தையின் இரண்டு கன்னத்திலும் மாஸ்க் நாடா அழுத்திய சிவப்புக் கோடு காதுவரை ஓடும். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அந்தக் கோட்டில் விரலை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். மூக்குத்தியைவிட இதுதான் உனக்கு அழகாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். அதைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லு என்றாள்.

தம்பி மார்கழிக் குளிரில், சொன்ன தேதிக்கு ஐந்து வாரம் முன்னாலேயே வந்து சேர்ந்தான். பிறந்தவுடன் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குத் தூக்கி வந்தபோது அப்பாவின் அடுக்கு டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம்தான் நீளமாக இருந்தான். அனுப்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் அப்பாவையும் அத்தையையும் நிற்க வைத்து நிறையச் சொன்னாராம். நமக்கு மூக்கு ஒழுகவிட்டுப் போகிற அதே வைரஸ் இவனுக்குள் போனால் மார்புவரை இறங்கிவிடும். சளியோ இருமலோ உள்ளவர்கள் கிட்டே வரக் கூடாது. தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முகத்தில் முத்தம் கூடாது, சாம்பிராணிப் புகை கூடாது, வீட்டுக்குள் காற்று வந்து போக வேண்டும். மறுபடி மூச்சுத் திணறினால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டிருக்கிறார். திணறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த குழந்தையிடம் போய்விட்டாராம்.

அந்தப் பதில் அப்பாவைப் பிடித்து ஆட்டிவிட்டது. இரண்டாம் நாள் காலையில் அத்தை குழம்புக்கு மிளகாய் தாளித்த நெடியில் நான் ஒரு தும்மல் போட்டேன். அப்பா என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினார். பெற்ற பிள்ளையை நாங்கள் உயிரோடு பார்க்க வேண்டாமா என்று கத்தினார். வரிசை வீடுகளிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அப்பா அன்றும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். அன்றுமுதல் தும்மலை விழுங்கப் பழகினேன். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் விரலால் அழுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்தால் சத்தம் வராது, கண்ணில் தண்ணீர் மட்டும் வரும். இரண்டே நாளில் கைதேர்ந்துவிட்டேன்.

அத்தைக்கு அப்பா கத்தியது பிடிக்கவில்லை. "திட்டாதண்ணா. திட்டுனா சளி நிக்காது, சளின்னு சொல்றதுதான் நின்னுபூடும்," என்றாள். அவர்கள் கம்பெனியில் முன்பு ஒரு சூப்பர்வைசர் இருந்தாராம். தும்மினவர்களை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேள்வி கேட்பாராம். அவர் இருந்தவரை நோட்டில் பார்த்தால் ஒருவருக்கும் சளியே கிடையாது. தட்டுகள் மட்டும் வீணாகிக்கொண்டே இருந்தன. அவருக்குப் பிறகு வந்த பெண் சூப்பர்வைசர், சொன்னதற்கு நன்றி என்று மட்டும் சொல்லிப் பேக்கிங்குக்கு அனுப்புவாராம். எல்லாரும் தானாகச் சொல்ல ஆரம்பித்தார்கள், தட்டுகளும் பிழைத்தன. அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியும் பிள்ளையும் ஒன்றா என்றார். அதையேதான் நானும் கேட்கிறேன் என்றாள் அத்தை.

அன்றே கூடத்தின் ஜன்னல் ஓரத்தில் கயிறு கட்டி, அம்மாவின் இரண்டு பழைய புடவைகளைத் தொங்கவிட்டு, உள்ளே தொட்டிலை மாட்டிவிட்டாள். புடவைக்கு வெளியே ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மூன்று மடிப்பாக மடித்து எல்லாருக்கும் மாஸ்க் தைத்தாள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே மாஸ்க்கை யாரும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டைக் கடந்து போகிறவர்கள் உள்ளே ஏதோ ஆபரேஷன் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஜன்னல்தான் பெரிய சண்டை. ஓசூர் குளிருக்கு மூன்று மாதம் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி அடைப்பதுதான் எங்கள் வரிசையில் வழக்கம். காற்று பட்டால் சளி பிடிக்கும் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். அத்தை அந்தத் துணியைப் பிடுங்கிப் போட்டாள். சளி காற்றிலிருந்து வருவதில்லை, ஆளிடமிருந்து வருகிறது, அடைத்த அறையில் ஒருவர் விட்ட மூச்சைத்தான் எல்லாரும் இழுக்கிறோம் என்றாள். அப்பா நம்பவில்லை. அத்தை காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழுகிற நேரம் பார்த்து என்னை அதன் ஓரத்தில் நிறுத்தி, 'பப்பாளிப்பழம்' என்று சத்தமாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். வெயிலுக்குள் என் வாயிலிருந்து பொடிப் பொடியாக எச்சில் மின்னிக்கொண்டு பறந்தது. அப்பாவும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருடையது இன்னும் தூரம் போனது. கண்ணுக்குத் தெரிகிறதே இவ்வளவு என்றால் தெரியாமல் மிதக்கிறது எவ்வளவு இருக்கும் என்றாள் அத்தை. அப்பா மாஸ்க்கை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

கம்பெனியில் உள்ளே போகும்முன் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டுமாம். வீட்டில் அத்தைக்கு நான்தான் ஜோடி. தினமும் மாலையில் புடவைக்கு வெளியே நின்று அவள் என் நகத்தைப் பார்ப்பாள், நான் அவள் மாஸ்க் மூக்கை மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கேள்வி. தும்மல்? இல்லை. இருமல்? இல்லை. தொண்டை? இல்லை. மூன்று இல்லைக்குப் பிறகுதான் புடவை விலகும். உள்ளே போனாலும் தம்பியின் பாதத்தை மட்டும்தான் தொடலாம். என் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத அந்தப் பாதத்தைத் தொட நான் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

பெயர் வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் அது அத்தையின் உரிமை. குழந்தைக்கு அரைஞாண் கட்டி, காதோடு வாய் வைத்து மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். எனக்குச் சொன்னபோது அத்தைக்குப் பதின்மூன்று வயது. கூட்டத்தைப் பார்த்து நாக்குக் குழறி ஒரு முறையோடு நிறுத்திவிட்டாளாம். மீதி இரண்டை வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை மூன்றும் என்னுது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜோசியர் பார்த்துக் கொடுத்த எழுத்து போயும் போயும் 'ப'. பப்பாளிப்பழத்துக்கு அடுத்தபடியாக எச்சில் பறக்கிற எழுத்து. அதனால் மாஸ்க்கோடு, ஒரு சாண் தள்ளி நின்று சொல்வதென்று முடிவு செய்து, பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினாள். எனக்கும் ஒரு பங்கு உண்டு. அன்றைக்குத் தம்பியை என் மடியில்தான் வைப்பாள். பாதம் மட்டுமில்லை, முழுத் தம்பி. பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

அந்த வாரம் முழுக்க வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே ரப்பர், ஒரே ஷார்ப்னர், ஒரே தண்ணீர் பாட்டில். சனிக்கிழமை சாயங்காலம் என் தொண்டையில் முள் மாதிரி ஒன்று குத்தியது. அத்தை கேள்வி கேட்கும்முன் தூக்கம் வருகிறது என்று சொல்லிப் படுத்துவிட்டேன். விடிந்தபோது மூக்கு குழாய் மாதிரி ஒழுக ஆரம்பித்தது. சொன்னால் மடி போய்விடும், அதைவிட, அப்பா மறுபடி வாசலில் நிறுத்துவார். இந்தத் தடவை ஊரே பார்க்கும். நான் வாயைத் திறக்கவில்லை. தலையணையில் மூக்கைத் துடைத்துவிட்டு எழுந்து பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டேன்.

நாகரசம்பட்டியிலிருந்து பெரியப்பா தலைமையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு மூட்டை அவரைக்காய். பக்கத்து வீடுகளில் பெண்கள் உட்கார்ந்து பிதுக்கம்பருப்புக் குழம்புக்காக அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வாளித் தண்ணீரில் கை கழுவச் சொன்னால் சிலர் சிரித்தார்கள், சிலர் விரல் நுனியை நனைத்தார்கள். வந்ததிலிருந்து இருமிக்கொண்டிருந்த பெரியப்பா மாஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கூட்டுப் புள்ளயப் பாக்க நானு மூஞ்சியக் கட்டிக்கினு வரோணுமா?" என்றார். அப்பாவுக்கு அண்ணனிடம் பேச வாய் வரவில்லை. புடவைக்கு உள்ளே மணைமேல் அம்மா தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே இருமல் கேட்கும்போதெல்லாம் அவள் கை அவன் முகத்தை மூடிக்கொண்டது.

நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அத்தை புதுப்புடவையில், கையில் அரைஞாணோடு வந்து என் எதிரே நின்றாள். அவ்வளவு கூட்டத்திலும் எங்கள் சோதனை நடந்தது.

தும்மல்? இல்லை. இருமல்? இல்லை. தொண்டை? இல்லை.

என் குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூக்குக்கு நேரே மாஸ்க் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அத்தையின் கண் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என் பாவாடையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். ஏமாற்றிவிட்டேன் என்று நான் நினைத்த அந்த நொடியில் அவள் முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டு தும்மினாள். ஒன்றல்ல, மூன்று தும்மல். எல்லாரும் திரும்பினார்கள்.

"எனக்குச் சளி புடிச்சிருக்குது. நான் உள்ள வர்றது ஆவாது," என்றாள் அத்தை.

காலையில் நன்றாகத்தானே இருந்தாய் என்று அப்பா கேட்டார்.

"மறைச்சிட்டேண்ணா. தம்பிக்குப் பேர் வெக்கணும்னு ஆசை. சொன்னா நீ திட்டுவேன்னு பயம். மறைச்சிட்டேன்."

அப்பாவின் முகம் சிவந்தது. இத்தனை நாள் ஊருக்கெல்லாம் சட்டம் பேசினவள். அவர் வாயைத் திறந்தார். வாசலில் என்னை நிறுத்திய அதே முகம். நான் அத்தை வாங்கப்போகிற திட்டுக்காகக் காத்திருந்தேன், கொஞ்சம் ஆசையாகவே காத்திருந்தேன். ஆனால் அப்பா மூச்சை இழுத்துப் பிடித்து விட்டார்.

"சரி. இப்பவாச்சும் சொன்னியே. அது போதும்," என்றார்.

அத்தை தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்தாள். ஒருத்தருக்குச் சளி என்றால் அவர் ஜோடியும் வெளியே போக வேண்டும், கம்பெனி ரூல் அப்படித்தான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். நான் உதறப் பார்த்தேன். அவள் பிடி விடவில்லை. பட்டுப்பாவாடையோடு தெருவுக்கு வந்து நின்றபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டு வாங்காமல் தப்பித்தவள் என் மடியையும் பறித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டது. ஓனரம்மா. லைன் வீடுகளின் சொந்தக்காரர், கன்னடக்கார அம்மா. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நனகூ நெகடிம்மா," என்றார். எனக்கும் சளிதான் என்று அர்த்தம். அவருக்குப் பின்னால் வேனில் வந்த ஒரு சித்தி தன் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். இவனுக்கும் நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, வேனில் பாதிப் பேருக்கு இவனே ஒட்டவிட்டிருப்பான் என்றாள். அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. தொண்டை கரகரக்கிறவர்கள், உடம்பு கனக்கிறவர்கள் என்று ஒவ்வொருவராக வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியாகப் பெரியப்பா. பொகையிலை இருமல் என்றுதான் நினைத்தேன், ரெண்டு நாளாக ஜுரமும் அடிக்கிறது என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, கையிலிருந்த மாஸ்க்கை அவராகவே கட்டிக்கொண்டார். அப்பா உள்ளிருந்து ஒவ்வொருவருக்கும் சொன்னதற்கு நன்றி என்று சொன்னார். வேறு யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பது மாதிரி இருந்தது. ஆனால் சொன்னார்.

உள்ளே மிஞ்சியது ஐந்தாறு பேர்தான். அம்மா ஜன்னலிலிருந்து நான்கு அடி தள்ளித் தம்பியை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா அரைஞாண் கட்டினார். பெயர் யார் சொல்வது என்று பேச்சு வந்தபோது, அத்தைதான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது என்றாள் அம்மா. அத்தை தெருவில் இருக்கிறாளே என்றார்கள். தெருவிலிருந்தே சொல்லட்டும், எங்கிருந்து சொன்னாலும் அத்தை அத்தைதான் என்றாள். அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் எதிர்த்துப் பேசவும் ஆளில்லை.

அத்தை ஜன்னலுக்கு வெளியே நின்றாள். சரியாக அந்த நேரத்துக்குத்தான் ஓவர்டைம் பஸ் வந்து எங்கள் வீட்டுக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. முதல் முறை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை பெரியப்பா சத்தமாகச் சொல்லு என்றார். அத்தை மாஸ்க்கை அழுத்திக்கொண்டு வயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்ததும் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். தம்பி கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தான் என்று அம்மா சொன்னாள். முதல் முறை கணக்கில் வராது என்று பெரியப்பா அடித்துச் சொன்னதால் அத்தை இன்னும் இரண்டு முறை கத்தினாள். ஆக, மூன்றும் அவளுடையதுதான். மாஸ்க்கின் மேல் விளிம்பு நனைந்திருந்தது. சளி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பந்தியும் தெருவிலேயே. வெயிலில் பாய் விரித்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்து, பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. யார் ஏன் என்று கேட்டாலும், எனக்கும் சளி பிடித்துவிட்டது, அத்தையிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். இப்போது மூக்கு ஒழுகுவதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை, பழியும் இல்லை. தும்மல் வந்தபோதெல்லாம் தாராளமாகத் தும்மினேன்.

ஓனரம்மா மாடியில் காலியாக இருந்த அறையைத் திறந்துவிட்டார். சரியாகும்வரை நானும் அத்தையும் அங்கே. அறையின் இந்த மூலையில் என் பாய், அந்த மூலையில் அவளுடையது. ஜன்னல் இரண்டும் திறந்தே இருந்தன. அவள் எனக்கு மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தாள், கொதிக்க வைத்த துணியால் மூக்குத் துடைத்துவிட்டாள், போர்வைமேல் அவள் போர்வையையும் போட்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து கீழே தெருவில் நின்று, ஜன்னல் வழியாக அம்மா தூக்கிக் காட்டுகிற தம்பியைப் பார்த்துவிட்டு மாடிக்கு வருவாள். அந்தக் கன்னத்துக் கோட்டைத் தொட நான் போகவில்லை. மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வரிசையில் எல்லாரும் மாறி மாறித் தும்மினார்கள், அவன் மட்டும் கொழுத்துக்கொண்டே போனான். இரண்டு வயதில் முதல் சளி வந்தபோது அவனுக்கு அதைத் தாங்குகிற நெஞ்சு இருந்தது. அவனுக்கு ஐந்து வயதாகும்போது கொரோனா வந்து, ஊரே மாஸ்க் தேடி ஓடியது. எங்கள் லைன் வீட்டில் யாரும் பதறவில்லை. ஜுரம் வந்தவர்கள் ஜன்னலைத் திறந்து, எனக்கு வந்துவிட்டது என்று தாங்களே கூவினார்கள். மற்றவர்கள் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு, சொன்னதற்கு நன்றி என்று பதிலுக்குக் கூவினார்கள். அந்த வரிசையில் ஆறு வீட்டுக்காரர்களும் முழுசாக மிஞ்சினோம். அது நாங்கள் செய்ததா, எங்கள் அதிர்ஷ்டமா என்று எனக்குத் தெரியாது. மறைக்காமல் இருந்தோம் என்பது மட்டும் தெரியும்.

சென்ற வருடம் நானும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பில் க்ளீன் ரூம் சட்டங்களை வரிசையாகச் சொன்னார்கள். ஜோடி ஜோடியாகச் சோதிக்கச் சொன்னபோது நான் கை தூக்கி, ஒருவருக்குச் சளி என்றால் அவர் ஜோடியும் வெளியே போக வேண்டுமா என்று கேட்டேன். அப்படி ஒரு ரூல் எந்தக் கம்பெனியிலும் இல்லையே என்று சொல்லிக்கொடுத்தவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாடி அறையின் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தது. ஒன்பது வயதில் கண்ணெதிரே இருந்தும் நான் கூட்டிப் பார்க்காத கணக்கு அது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அத்தை கன்னத்தில் சிவப்புக் கோடோடுதான் வந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் கோடு இல்லாமல் வந்தாள். நாளெல்லாம் நின்றிருந்த கால் வீங்கியிருந்தது. பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை போட்டது மாதிரி இல்லை. மூக்கெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, உடம்பையே உலுக்கிய தும்மல்.

எனக்கு அன்றைக்குத்தான் மூக்கு ஒழுகுவது நின்றிருந்தது. நான்கு நாளாகப் பேசாமல் இருந்தவள் அவள் பக்கம் திரும்பி, "எல்லாம் உன் சளிதான் எனக்கு ஒட்டிக்கிச்சு," என்றேன்.

அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆமா கண்ணு. என்னுதுதான்."